கருவி பேசவில்லையா? சி நிரலில் முகவரிக் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

மல்டிமீட்டர், பவர் சப்ளை, ஆசிலோஸ்கோப் போன்ற கருவிகளை, கணினியையும் கருவியையும் பேசவைக்கும் விசா என்ற நிரல் நூலகம் வழியாகச் சி நிரலில் இயக்குகிறவர்களுக்கான வழிமுறை இது. "கருவி செத்துவிட்டது" என்று வரும் புகார்களைத் தோண்டிப் பார்த்தால், கருவியின் திரையில் ஓர் எண், எழுதியவர் மனதில் ஓர் எண், நிரல் உண்மையில் அனுப்புவது இன்னோர் எண் என்று மூன்றும் மூன்று பக்கம் நிற்கும். அதைக் கண்டுபிடிக்க ஸ்க்ரூடிரைவர் தேவையில்லை.

கட்டளைகளும் முகவரிகளும் இங்கே ஒலிப்புப்படி தமிழில் இருக்கின்றன. நிரலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் அடியுங்கள். எண்களும் குறிகளும் அப்படியே வரும்.

## எதையும் கழற்றும் முன் இரண்டு வேலை

முதல் வேலை: கருவியைத் திறக்கும் விஐஓப்பனுக்குப் போகும் முகவரியையும் அது திருப்பித் தரும் எண்ணையும் அச்சிடுங்கள். முகவரியைச் சதுர அடைப்புக்குள் போடுவது முக்கியம்.

பிரிண்ட்எஃப்("[%எஸ்] %டி\n", முகவரி, நிலை);

அடைப்பு ஏன் என்றால், அமைப்புக் கோப்பிலிருந்து எஃப்கெட்ஸ் கொண்டு வாசித்த முகவரியின் வாலில் \n ஒட்டிக்கொண்டு வரும். விண்டோஸில் எழுதிய கோப்பை லினக்ஸில் வாசித்தால் \r கூடச் சேரும். அடைப்பு இல்லாவிட்டால் இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. அடைப்பு இருந்தால், மூடும் குறி அடுத்த வரிக்கு இறங்கியோ வரியின் தொடக்கத்துக்கு ஓடியோ காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது வேலை: நிரலை மூடிவிட்டு, கருவியைச் சோதிக்கும் மென்பொருளான என்ஐ மேக்ஸ் அல்லது கீசைட் கனெக்‌ஷன் எக்ஸ்பர்ட் வழியாக அதே முகவரிக்கு, "நீ யார்" என்று கேட்கும் *ஐடிஎன்? கட்டளையை அனுப்புங்கள். பதில் வந்தால் கேபிள், அடாப்டர், கருவி மூன்றும் நலம்; நிரலைப் பாருங்கள். வராவிட்டால் நிரலைத் தொடாதீர்கள், வெளியே பாருங்கள். 1987-க்கு முந்தைய கருவிகளுக்கு *ஐடிஎன்? தெரியாது, அவற்றுக்கு அந்தந்தக் கையேட்டில் உள்ள கட்டளையையே அனுப்ப வேண்டும்.

இந்த இரண்டின் விடை கையில் இருந்தால் கீழே உங்கள் அறிகுறிக்கு நேராகப் போகலாம்.

## அறிகுறி 1: திறக்கவே மறுக்கிறது, -1073807343

அந்த முகவரியில் எதுவும் இல்லை என்று விசா சொல்கிறது. இணைப்பு வகைக்கு ஏற்பப் பிரித்துப் பாருங்கள்.

### யூஎஸ்பி என்றால்

கேபிள் எந்தத் துளையில் இருக்கிறது? கருவியின் முன்பக்கத் தட்டைத் துளை பென்டிரைவுக்கானது. கணினிக்குப் போகவேண்டியது பின்பக்கச் சதுரத் துளை. டெக்ட்ரானிக்ஸ் டிடிஎஸ்2000பி, 2000சி வரிசையில் அந்தப் பின்பக்கத் துளையையே கணினிக்கா பிரிண்டருக்கா என்று மெனுவில் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரிண்டரில் நின்றால் எந்தக் கேபிள் மாற்றியும் பலனில்லை.

அடுத்து முகவரியின் நீளம். யூஎஸ்பி முகவரியில் நிறுவன எண், மாடல் எண், கருவியின் வரிசை எண் எல்லாம் அடங்கும். 32 எழுத்துப் பஃபரில் எஸ்என்பிரிண்ட்எஃப் செய்தால் வால் வெட்டுப்பட்டு நிற்கும், கம்பைலர் பெரும்பாலும் வாய்திறக்காது. 256 இடம் கொடுங்கள். விசாவின் தேடல் பஃபரும் அதே அளவுதான்.

ஒரு மென்பொருள் நிறுவன எண்ணை ஹெக்ஸில் 0957 என்றும் இன்னொன்று பதின்மத்தில் 2391 என்றும் காட்டும். இரண்டும் பழைய அஜிலென்ட், இன்றைய கீசைட் கருவிகளின் எண்தான். டெக்ட்ரானிக்ஸ் ஹெக்ஸில் 0699, பதின்மத்தில் 1689. குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஹெக்ஸ் எண்ணை எடுத்து 0எக்ஸ் என்ற முன்னொட்டு இல்லாமல் ஒட்டும்போது. அப்போது 0957 பதின்மமாகவே வாசிக்கப்பட்டு வேறொரு நிறுவனத்தைத் தேடும்.

லினக்ஸில் கருவி தெரிகிறது, ரூட்டாக ஓட்டினால் திறக்கிறது, சாதாரணப் பயனராக ஓட்டினால் திறக்கவில்லை என்றால் அது அனுமதி விஷயம். அந்த நிறுவன எண்ணுக்கு அனுமதி கொடுக்கும் ஒரு யூடெவ் விதி எழுதி, கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். நிரலை எப்போதும் ரூட்டாகவே ஓட்டி ஒப்பேற்றுவது தீர்வல்ல.

### லேன் என்றால்

முதலில் பிங். பதில் இல்லாவிட்டால் கருவியின் திரையில் உள்ள ஐபி எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் டிஎச்சிபி சர்வர் கிடைக்காமல் கருவி தானே ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டது. கேபிளையும் ஸ்விட்ச்சையும் பார்த்துவிட்டு, நிலையான ஐபி கொடுங்கள்.

பிங் பதில் வருகிறது, திறக்கவில்லை என்றால் போர்ட். இன்ஸ்ட்0 உள்ள முகவரி விஎக்ஸ்ஐ-11 என்ற லேன் முறையில் போகும். அது 111-ஆம் போர்ட்டைத் தட்டி, அங்கிருந்து மாறும் போர்ட் ஒன்றுக்குத் தாவும். ஃபயர்வால் அதில்தான் அடைக்கும். ஹைஸ்லிப் என்ற இன்னொரு லேன் முறை 4880 என்ற ஒரே போர்ட்டில் முடிந்துவிடும். கருவி அதை ஆதரித்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நேரடிச் சாக்கெட் என்றால் பெரும்பாலான கருவிகளில் 5025, ரைகோலில் 5555. அலுவலக ஃபயர்வாலை நீங்களே அணைத்துப் பார்க்க வேண்டாம். இந்த எண்களை எழுதி நெட்வொர்க் நிர்வாகியிடம் கொடுங்கள்; அவருக்கு ஐந்து நிமிட வேலை.

கருவியின் திரை ஐபியை 192.168.001.050 என்று சுழியம் நிரப்பிக் காட்டினால் அதை அப்படியே நிரலில் அடிக்காதீர்கள். சொந்தமாகச் சாக்கெட் எழுதி ஐநெட்-ஆடர் பயன்படுத்துகிறவர்களுக்கு 050 என்பது எட்டை அடிமானமாகக் கொண்ட எண்ம எண், அதாவது 40. வேறொரு கணினியின் கதவைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள்.

### ஜிபிஐபி என்றால்

ஜிபிஐபி என்பது பல கருவிகளை ஒரே கேபிள் வரிசையில் கோக்கும் பழைய இணைப்பு முறை. இங்கே இந்தப் பிழை வந்தால் பெரும்பாலும் கருவியைப் பற்றியதல்ல, கணினிப் பக்க அட்டை அல்லது யூஎஸ்பி அடாப்டரைப் பற்றியது. முகவரியின் தொடக்கத்தில் ஜிபிஐபி0 என்று எழுதியிருக்கிறீர்கள், அடாப்டர் ஜிபிஐபி1 ஆகப் பதிவாகியிருக்கிறது. இரண்டு அடாப்டர் வைத்திருக்கும் கணினிகளில் இது அடிக்கடி நடக்கும். கீசைட் 82357பி அடாப்டரை என்ஐ விசாவில் ஓட்டுகிறவர்கள் என்ஐ மேக்ஸில் டூலிப் பாஸ்போர்ட் என்ற இணைப்புக் கூறை இயக்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அது அணைந்திருந்தால் அடாப்டரின் விளக்கு எரியும், விசாவுக்கு மட்டும் தெரியாது.

### தேடினால் பட்டியலில் வரவில்லை

கருவிகளைத் தேடும் விஐஃபைண்ட்ஆர்எஸ்ஆர்சி-க்கு ?*இன்ஸ்ட்ர் என்று கொடுத்தால் சாக்கெட் முகவரிகள் வராது. வடிகட்டியே அவற்றைத் தள்ளிவிடுகிறது. ?* என்று கொடுத்தாலும் முன்பே பதிவுசெய்த சாக்கெட்டுகள்தான் வரும். பட்டியலில் இல்லை என்பதற்காகச் சோர வேண்டாம், முழு முகவரியைக் கொடுத்து நேராகத் திறந்து பாருங்கள்.

## அறிகுறி 2: -1073807342, -1073807246, -1073807202

முதலாவது முகவரியின் எழுத்தமைப்பே தவறு. ஒற்றைக் காற்புள்ளி, ஒரே ஒரு : குறி, வாலில் \n, மேலே அச்சிட்ட வரியே விடை சொல்லும்.

இரண்டாவது, வேறொரு நிரல் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்க முடியும். பின்னணியில் டெர்மினல் மென்பொருளோ, செத்துப்போன உங்கள் பழைய நிரலோ ஓடுகிறதா பாருங்கள்.

மூன்றாவது, விசாவுக்குத் தேவையான நூலகக் கோப்பு கிடைக்கவில்லை. ஒரே கணினியில் இரண்டு நிறுவனங்களின் விசாவை மாற்றி மாற்றி நிறுவியிருந்தால் இது வரும். இரண்டையும் நீக்கி, எது முதன்மை என்று முடிவுசெய்து அதை முதலில் நிறுவுங்கள்.

## அறிகுறி 3: ஜிபிஐபி திறக்கிறது, எழுதும்போது -1073807265

கேட்பதற்கு அந்த முகவரியில் ஆள் இல்லை என்று பொருள். ஜிபிஐபியில் விஐஓப்பன் வெற்றி என்று சொன்னதை நம்பி எல்லாரும் இங்கே ஏமாறுகிறார்கள். முகவரியில் கருவி இல்லாவிட்டாலும் அது திறக்கும். சில வேளை 1073676413 என்ற எச்சரிக்கை எண்ணை மட்டும் தரும். அது சுழியத்தைவிடப் பெரியது, எனவே "சுழியத்துக்குக் கீழே என்றால் பிழை" என்று மட்டும் சோதிக்கும் நிரல் அதைத் தாண்டிப் போய்விடும். சுழியமா என்று சோதியுங்கள். சுழியம் அல்லாத எதையும் அச்சிடுங்கள்.

கருவியில் என்ன எண்? திரையுள்ள கருவியில் மெனுவில் பாருங்கள். யாரும் மாற்றியிராவிட்டால் தொழிற்சாலை எண்ணே இருக்கும்: 34401ஏ மீட்டருக்கு 22, இ3631ஏ பவர் சப்ளைக்கு 5, 33120ஏ சிக்னல் ஜெனரேட்டருக்கு 10, கீத்லி 2000-க்கு 16, கீத்லி 2400-க்கு 24.

பின்பக்கச் சுவிட்சுகள். பழைய கருவிகளில் ஐந்து சிறு சுவிட்சுகள் இருக்கும். மதிப்பு 1, 2, 4, 8, 16. முகவரி 22 வேண்டுமானால் 16, 4, 2 மூன்றும் மேலே, 8-உம் 1-உம் கீழே. எந்த முனை 1 என்று கவனிக்காமல் தலைகீழாக வைத்தால் 22 வைத்த கையால் 13 வைத்திருப்பீர்கள். பல கருவிகள் இந்தச் சுவிட்சுகளைப் பவர் போடும்போது மட்டுமே வாசிக்கும். மாற்றியபின் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். சேர்ந்தாற்போல உள்ள மற்றச் சுவிட்சுகள் வேறு வேலைக்கானவை, அவற்றை நகர்த்தாதீர்கள்.

சி மொழியின் சுழியம். அட்டவணை அழகாக நிற்கவேண்டும் என்று முகவரிகளை 05, 010, 022 என்று எழுதுவார்கள். சி மொழியில் சுழியத்தில் தொடங்கும் எண் எண்மம். 05 தப்பிக்கும். 010 எட்டாகும். 022 பதினெட்டாகும். 08, 09 எழுதினால் மட்டும் கம்பைலர் திட்டும், அதனால்தான் மற்றவை பிடிபடாமல் போகின்றன. கோப்பிலிருந்து வாசிப்பவர்களுக்கும் இதே பள்ளம் உண்டு: எஸ்ஸ்கேன்எஃப்-இல் %ஐ போட்டாலும், எஸ்டிஆர்டோல்-இல் அடிமானம் 0 கொடுத்தாலும் 010 எட்டுதான். %டி போடுங்கள், அடிமானம் 10 கொடுங்கள். ஐந்து கருவிகளில் ஒன்று மட்டும் எப்போதும் வேலை செய்கிறது என்ற விசித்திரமான புகார் வந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

722 என்ற எண். பழைய எச்பி நிரல்களில் இடைமுக எண் 7, கருவி முகவரி 22 இரண்டையும் சேர்த்து 722 என்று எழுதுவார்கள். அதை விசாவுக்கு மாற்றும்போது 22 மட்டுமே முகவரி. 0 முதல் 30 வரைதான் செல்லும், 31 ஒதுக்கப்பட்டது.

கணினியின் சொந்த எண். கட்டுப்படுத்தும் அட்டைக்கும் ஒரு முகவரி உண்டு. என்ஐ அட்டைகளில் வழக்கமாக 0, எச்பி வழியில் வந்தவற்றில் 21. கருவிக்கு அதே எண்ணை வைக்காதீர்கள்.

இரண்டாம் முகவரி. உள்ளே பல பகுதிகள் கொண்ட பெட்டிகளுக்கு இரண்டாவது எண் தேவை. விசாவில் அதை 0 முதல் 30 வரை எழுத வேண்டும்: ஜிபிஐபி0::9::3::இன்ஸ்ட்ர். அதே எண்ணை என்ஐ-488.2 நூலகத்தின் ஐபிடெவ்-க்குக் கொடுக்கும்போது 96 கூட்டி 99 ஆக்க வேண்டும். அங்கே 0 என்றால் இரண்டாம் முகவரி இல்லை என்று பொருள். ஒரு நூலகத்திலிருந்து மற்றதற்கு நிரலை மாற்றுகிறவர்கள் இதைத் தவறவிடுவது வழக்கம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஆள் இல்லை என்றால், அந்த முகவரியில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கும் ஐபிஎல்என் கொண்டு 1 முதல் 30 வரை ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பாருங்கள். கருவி ஏதோ ஓர் எண்ணில் கையைத் தூக்கும். எங்குமே தூக்காவிட்டால் அறிகுறி 6-க்குப் போங்கள்.

## அறிகுறி 4: எழுதுவது போகிறது, வாசிக்கும்போது -1073807339

டைம்அவுட். முகவரி சரி என்று இதைவைத்து முடிவுகட்டாதீர்கள். அந்த முகவரியில் உள்ள வேறொரு கருவிகூட உங்கள் கட்டளையை வாங்கிக்கொண்டு புரியாமல் நிற்கலாம்.

கேள்விக்குறி இருக்கிறதா? இல்லாத கேள்விக்குப் பதில் வராது. கருவி பிழை வரிசையில் -420 போட்டிருந்தால், கேள்வி முடிக்கப்படாமலே நீங்கள் வாசிக்கப் போயிருக்கிறீர்கள். -113 என்றால் கட்டளைப் பெயரே புரியவில்லை. சிஸ்ட்:எர்? அனுப்பி இந்த எண்களை வாங்குங்கள்.

நீளத்தை எப்படிக் கொடுக்கிறீர்கள்? விஐரைட்டுக்கு சைஸ்ஆஃப் கொடுப்பது பெரும் தவறு. கட்டளை ஒரு பாயின்டராக இருந்தால் 64 பிட் கணினியில் 8 எழுத்துத்தான் போகும். மெஷர்:வோல்ட் கட்டளையின் ஆங்கில வடிவத்தில் முதல் 8 எழுத்துக்குள் கேள்விக்குறி வராது. கருவி அரை வாக்கியத்தைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கும். *ஐடிஎன்? மட்டும் குட்டையாக இருப்பதால் வேலை செய்து உங்களை நம்பவைத்துவிடும். எழுத்து வரிசையாக (அரே) அறிவித்திருந்தால் முடிவிலுள்ள நல் எழுத்தும் (\0) கூடவே போய் -101 பிழை வரும். எஸ்டிஆர்லென் கொடுங்கள்.

வரிமுடிவு அடுத்தது. ஜிபிஐபியிலும் யூஎஸ்பியிலும் கடைசி எழுத்தோடு முடிவுச் சைகை தானாகப் போகும். சாக்கெட்டிலும் சீரியலிலும் போகாது, நீங்கள்தான் \n சேர்க்க வேண்டும். வாசிக்கும் பக்கத்திலும் சாக்கெட்டுக்கு முடிவெழுத்து அம்சம் இயல்பாக அணைந்திருக்கும். அதை இயக்காவிட்டால் பதில் வந்து கிடந்தாலும், கேட்ட நீளம் நிரம்பும்வரை விஐரீட் காத்திருந்து டைம்அவுட் ஆகும். விஐசெட்ஆட்ரிபியூட் கொண்டு அதை இயக்குங்கள்.

பிறகு நேரம். விசாவின் இயல்பு 2000 மில்லிவினாடி. சராசரி எடுக்கும் மீட்டருக்கும், ஒரு முழு அலைவரிசை வருடும் கருவிக்கும் அது போதாது. 10000 கொடுத்துப் பாருங்கள். பதில் வந்தால் முகவரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சீரியல் தனிக் கதை. விசா இயல்பாக 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று திறக்கும். 34401ஏ தொழிற்சாலையிலிருந்து வருவது 9600, 7 பிட், இரட்டைப் பாரிட்டி, 2 ஸ்டாப் பிட். கேபிள் குறுக்கு இணைப்புள்ளதாக இருக்க வேண்டும், டிடிஆர்-டிஎஸ்ஆர் கைகுலுக்கல் வேண்டும், எல்லாவற்றுக்கும் முன் சிஸ்ட்:ரெம் அனுப்ப வேண்டும். விசா இல்லாமல் விண்டோஸில் நேராகத் திறக்கிறவர்கள் காம்9 வரை பெயரை மட்டும் கொடுக்கலாம். காம்10 முதல் "\\\\.\\காம்10" என்று எழுத வேண்டும், சி மொழியில் ஒவ்வொரு சாய்வுக்கும் இரண்டு.

## அறிகுறி 5: பதில் வருகிறது, தவறான பதில்

*ஐடிஎன்?-க்கு எழுத்துகள் குழம்பிய ஒரு பெயர் வந்தால், ஒரே ஜிபிஐபி முகவரியில் இரண்டு கருவிகள் சேர்ந்து பேசுகின்றன. ஒன்றை அணைப்பது போதாது, கேபிளைக் கழற்றுங்கள். மற்றதன் முகவரியை மாற்றிவிட்டு மாட்டுங்கள்.

பெயர் சுத்தமாக வருகிறது, ஆனால் பக்கத்து மேசை மீட்டருடையது என்றால், தேடல் பட்டியலில் முதலாவதாக வந்ததை எடுத்துக்கொள்ளும் நிரல்தான் காரணம். லினக்ஸில் யூஎஸ்பிடிஎம்சி0 என்ற பெயரும் மாட்டிய வரிசைப்படி மாறும். வரிசை எண் உள்ள முழு முகவரியால் மட்டுமே திறந்து, திறந்தவுடன் *ஐடிஎன்? பதிலை ஒப்பிட்டுப் பாருங்கள். பவர் சப்ளை இயக்கும் நிரலில் இந்த ஒப்பீடு இல்லாமல் வெளியீட்டைப் போடவே கூடாது. தவறான கருவிக்குப் போகும் 30 வோல்ட் யாருடைய சர்க்யூட்டையும் விசாரித்துவிட்டு எரிக்காது.

எண்ணின் வாலில் முந்தைய பதிலின் மிச்சம் தெரிகிறதா? விஐரீட் நல் எழுத்துப் போட்டு முடிக்காது. அது திருப்பும் எண்ணிக்கையை வைத்து நீங்கள் முடிக்க வேண்டும்: பஃபர்[என்] = 0; பஃபரின் கடைசி இடத்தை இதற்கென விட்டுவைத்து, ஒன்று குறைத்துக் கேளுங்கள்.

எல்லாப் பதிலும் ஒரு கேள்வி பின்தங்கி வருகிறது என்றால், முன்பு டைம்அவுட் ஆன பதில் சாக்கெட்டில் தாமதமாக வந்து உட்கார்ந்திருக்கிறது. மூடித் திறப்பதே சுத்தமான வழி.

## அறிகுறி 6: நேற்று ஓடியது, அல்லது எப்போதாவது மட்டும் விழுகிறது

லேன் கருவியின் ஐபி டிஎச்சிபியால் மாறியிருக்கும். சீரியல் அடாப்டரை வேறு துளையில் மாட்டியதால் காம் எண் மாறியிருக்கும். லினக்ஸில் பை-ஐடி கோப்புறையிலுள்ள பெயரால் திறந்தால் இந்தத் தொல்லை குறையும். பழுதுபார்த்துத் திரும்பிய கருவியில் பலகை மாறியிருந்தால் யூஎஸ்பி வரிசை எண்ணும் மாறியிருக்கலாம். பின்பக்க ஸ்டிக்கரை நம்பாமல் *ஐடிஎன்? சொல்வதை நம்புங்கள்.

ஜிபிஐபி மட்டும் விட்டுவிட்டு விழுந்தால் கேபிள் கணக்கு. ஒரு பஸ்ஸில், அதாவது ஒன்றாகக் கோத்த கேபிள் வரிசையில், கணினியையும் சேர்த்து 15 சாதனம். மொத்த நீளம் சாதனம் ஒன்றுக்கு 2 மீட்டர் வீதம், எப்படியும் 20 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இரண்டு சாதனத்துக்கு இடையே 4 மீட்டருக்கு மேல் வேண்டாம். மாட்டியவற்றில் மூன்றில் இரண்டு பங்காவது பவரில் இருக்க வேண்டும். பயன்படுத்தாத கருவியை அணைத்துவைப்பது சிக்கனம் போலத் தோன்றினாலும் பஸ்ஸைக் கெடுக்கும். அடுக்கடுக்காக மாட்டிய கனெக்டர்களில் ஒரு பக்கத் திருகை மட்டும் இறுக்கியிருந்தால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். கறுப்புத் திருகு மெட்ரிக், வெள்ளித் திருகு பழைய அங்குல அளவு. ஒன்றில் மற்றதைத் திணித்தால் மரை போய்விடும்.

இன்னும் தீரவில்லை என்றால் எல்லாவற்றையும் கழற்றி ஒரு கணினி, ஒரு 1 மீட்டர் கேபிள், ஒரு கருவி என்று நிறுத்துங்கள். கேபிளை மாற்றுங்கள். பிறகு அடாப்டரை மாற்றுங்கள். பிறகு அதே கேபிளிலும் அடாப்டரிலும் நன்றாக ஓடும் வேறொரு கருவியை மாட்டுங்கள். செலவும் இந்த வரிசையில்தான் ஏறும்.

மற்றது ஓடி இது மட்டும் ஓடாவிட்டால், கருவிக்குள் பஸ்ஸை இயக்கும் சிப்புகள் போயிருக்கலாம். பல கருவிகளில் அவை 75160, 75161 வகை. இங்கே நிறுத்துங்கள். மூடியைத் திறந்தால் அளவுத்திருத்த முத்திரை உடையும், உள்ளே மெயின்ஸ் மின்சாரமும் இருக்கிறது. சேவை மையத்துக்கு அனுப்பும்போது, அச்சிட்ட அந்த ஒரு வரி, வைத்திருந்த முகவரி, எந்தக் கேபிளும் அடாப்டரும் கொண்டு சோதித்தீர்கள், ஐபிஎல்என் எந்த எண்ணிலும் பதில் தரவில்லை என்ற குறிப்பு ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கருவியோடு ஒட்டி அனுப்புங்கள். இல்லாவிட்டால் மையத்தில் முன்பலகை மட்டும் சோதித்து, "கோளாறு இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.